எண்ணூர்ப் பாலத்தில் குடித்த தண்ணீர்

சிங்கராயனைப் பற்றி எங்கள் வேதக் கோயில் பங்கில் யாரும் எழுதப்போவதில்லை. அவர் புனிதரும் இல்லை, கோயிலுக்கு மணி வாங்கிக் கொடுத்த புண்ணியவானும் இல்லை. போன வருஷம் மழைக்காலத்தில் இறந்தார். காசிமேட்டுக் கல்லறையில் ஒரு மரச்சிலுவையில் பெயர் எழுதி நட்டார்கள். இந்நேரம் அந்த எழுத்தும் அழிந்திருக்கும்.

அதனால் நான் எழுதுகிறேன். எனக்கு எழுத்து வேலை பழக்கமில்லை. பெயர் வெள்ளத்துரை. திருநெல்வேலிப் பக்கம் பிறந்து, பிழைக்க வந்து, ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருப்பவன். என் கடைக்கு எதிர்வீடுதான் சிங்கராயன் வீடு. பதினெட்டு வருஷம் அந்த மனிதர் வேலைக்குப் போவதையும் திரும்பி வருவதையும் கல்லாவில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அவருக்கு நான் ஒரு கெடுதலும் செய்தேன். அதை மறைத்துவிட்டு அவரைப் பற்றிப் பேசினால் அது பொய்யாகிவிடும். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

சிங்கராயன் ரயில்வேயில் ஃபயர்மேன். இஞ்சினில் கரி அள்ளிப் போடுகிற வேலை. பதினைந்து வயதில் பேசின் பிரிட்ஜ் ஷெட்டில் இஞ்சின் துடைக்கச் சேர்ந்தவர், முப்பது வயதில் ஃபயர்மேன் ஆனார். அதற்கு மேல் ஆகவில்லை. டிரைவர் ஆவதற்குப் பரீட்சை உண்டு. அதை எழுத உட்கார்ந்த அன்று பாதியில் தூங்கிவிட்டார் என்று ஷெட்டில் சொல்லிச் சிரிப்பார்கள். நான் நம்புகிறேன். அவர் எங்கே உட்கார்ந்தாலும் தூங்குவார். நாவிதனிடம் முகத்தைக் கொடுத்துவிட்டுத் தூங்குவார். சாமியார் நரகத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்யும்போது கோயிலின் கடைசித் தூணில் சாய்ந்து நிம்மதியாகத் தூங்குவார். வாரத்தில் ஆறு நாள் நெருப்பு வாயில் நின்றவருக்கு நரகம் என்ன புதிதா என்று நான் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. எனக்கு வேடிக்கை ஜாஸ்தி. அதுதான் வினை.

அவர் மனைவி மதலேன். நல்ல உயரம், குரலும் அதற்கேற்றபடி. சண்டை என்றால் தெரு முனை வரை கேட்கும். பக்தியும் அப்படித்தான். ஒரே பிள்ளை, இருதயராஜ். பையன் தகப்பனைப்போல இல்லை, துறுதுறுவென்று இருப்பான். என் கடை வாசலில் வெல்லத்துண்டுக்கு நின்று, வாங்கிக்கொண்டுதான் நகருவான்.

யுத்தம் வந்த பிறகு ரயில்வேயில் ஓய்வு என்பதே போய்விட்டது. சிங்கராயனுக்குக் கூடூர் சரக்கு வண்டி என்று தீர்ந்தது. வெள்ளி இரவு போவார். சனிக்கிழமை பகல் கூடூரில் ரயில்காரர்கள் தங்கும் ரன்னிங் ரூமில் கிடப்பார். சனி இரவு அங்கே புறப்பட்டு, ஞாயிறு காலை ஏழு மணிக்குக் கரி முகத்தோடு வீட்டுக்கு வருவார். குளித்துவிட்டு எட்டு மணிப் பூசைக்கு வருவார்.

இங்கேதான் சிக்கல். வேதக்காரர் அல்லாதவர்களுக்காக அந்தக் காலத்துச் சட்டத்தைச் சொல்லிவிடுகிறேன். காலையில் பூசையில் நன்மை வாங்க வேண்டும் என்றால், அதாவது ஆண்டவருடைய சரீரமாகிய அந்த அப்பத்தை நாவில் வாங்க வேண்டும் என்றால், நடுச்சாமத்திலிருந்து பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக்கூடாது. மருந்து குடித்தாலும் போச்சு. தெரிந்தே மீறி வாங்கினால் சாவான பாவம், தேவதுரோகம். மெத்தையில் படுத்துத் தூங்குகிறவனுக்கு இது ஒன்றும் கஷ்டமில்லை. இஞ்சினில் நிற்கிறவனால் ஒரு மணி நேரம்கூடத் தண்ணீர் இல்லாமல் முடியாது. சட்டம் எழுதியவர்கள் யாரும் கரி அள்ளியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஞாயிறுதோறும் எல்லோரும் எழுந்து நன்மை வாங்கப் பீடத்துக்கு முன்னாலிருக்கும் கிராதிக்குப் போய் முழந்தாளிடும்போது சிங்கராயன் தூணடியிலேயே இருப்பார். எப்போதாவது வார நாளில் ஓய்வு கிடைத்தால் காலைப் பூசைக்குப் போய் வாங்கிக்கொள்வார். அதை யார் பார்த்தார்கள்? நாலு கிழவிகள். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணிப் பூசையைப் பார்ப்பது ஊரே. எங்கள் பங்கில் ஒருவன் கிராதிக்கு வரவில்லை என்றால், அவன் வீட்டில் என்ன நடக்கிறது என்று மற்றவர்கள் யோசிக்க ஆரம்பித்துவிடுவார்கள். வெள்ளைக்காரனிடமிருந்து கற்றுக்கொண்டதல்ல, இது எங்கள் சொந்தச் சரக்கு.

மதலேனுக்கு அது பெரிய மானப் பிரச்சினை. மூன்று வருஷம் பொறுத்தாள். நாற்பத்து நாலாம் வருஷம் தபசு காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்தின நாற்பது நாள், முழுக்க ஒரே பேச்சு.

"ஈஸ்டருக்காவது எங்கூட வாய்யா. ஒரு நாள் தாகத்த அடக்க முடியாதா? சிலுவைல தொங்கனவரு தாகமா கீதுன்னுதானே சொன்னாரு, அவருக்கு இன்னா குடுத்தாங்க?"

அந்த ஈஸ்டருக்கு சிங்கராயன் கிராதிக்கு வந்தார். நானே பார்த்தேன். வெள்ளைச் சட்டை, நகத்தில் மட்டும் கரி. மதலேன் புதுப் புடவையில் முக்காடு போட்டுக்கொண்டு பெண்கள் பக்கம் முழந்தாளிட்டிருந்தாள். அவள் முகத்தில் அன்று இருந்த சந்தோஷத்தை அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் நான் பார்க்கவில்லை.

அந்த வருஷம் ஐப்பசி மழையில் இருதயராஜுக்குத் தொண்டை அடைப்பான் கண்டது. நாலு நாள்தான். கடைசி நாள் தண்ணீர் கேட்டானாம், கொடுத்தது இறங்கவில்லையாம். நாலு வயது. அவனைத் தூக்கிக்கொண்டு போன அன்று என்னால் கடையைத் திறக்க முடியவில்லை.

அதற்குப் பிறகு சிங்கராயன் ஞாயிறு, வார நாள் எதிலும் நன்மை வாங்கவில்லை. பூசைக்கு வருவார், தூணடியில் உட்காருவார், போய்விடுவார். மதலேனுக்கு இது விளங்கவில்லை. அந்த ஈஸ்டருக்கு வர முடிந்தவர் இப்போது ஏன் வருவதில்லை? தாகம் என்று சொன்னதெல்லாம் சாக்குதானே? அவளைக் குற்றம் சொல்ல முடியாது. யோசித்தால் கணக்கு அப்படித்தான் வரும்.

அந்தச் சமயத்தில்தான் நான் என் வேடிக்கையைக் காட்டினேன். மீன் விற்கும் பவுனம்மாள் புளி வாங்க வந்தவள், "இந்த மன்ஷன் ஏன் கோயில்ல ஓரங்கட்டியே குந்திகினு கீறாரு?" என்று கேட்டாள். நான் புளியைப் பொட்டலம் கட்டிக்கொண்டே, "கூடூரில் பகல் முழுக்க இருக்கிறாரே, அங்கே யார் சமைத்துப் போடுகிறார்களோ" என்றேன். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. சிரித்தேன், அவளும் சிரித்தாள்.

பவுனம்மாளின் கூடை போகாத தெரு எங்கள் பக்கத்தில் இல்லை. இரண்டு வாரத்தில் கூடூர்க்காரிக்குப் பெயர் வந்துவிட்டது. ஒரு மாதத்தில் குழந்தையும் பிறந்துவிட்டது. மதலேன் சண்டை போடுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் சத்தமே போடவில்லை. சோறு வைப்பாள், துணி துவைப்பாள், வண்டிக்குச் சோற்றுக்கூடை கொடுத்து அனுப்புவாள். பேச்சு மட்டும் நின்றுபோனது. ராயபுரத்திலேயே சத்தமான வீடு எங்கள் தெருவில் சத்தமில்லாத வீடாயிற்று.

ஐம்பத்தொன்றில் என்று நினைக்கிறேன், டிரைவர் பொன்னுரங்கம் பீடி வாங்கக் கடைக்கு வந்தார். சிங்கராயனோடு பல வருஷம் ஒரே இஞ்சினில் ஓடியவர். பேச்சுவாக்கில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"அண்ணாச்சி, உங்க வேதக்காரங்க சட்டம் இன்னா சட்டம்யா? சண்ட டைம்ல ஒரு நா இந்த ஆளு நடுராத்திரிலேர்ந்து ஒரு சொட்டு தண்ணி குடிக்கல. கேட்டா, காலீல கோயில்ல வாங்கணும், பொண்டாட்டிக்கு சத்தியம் பண்ணிட்டேன்றான். எண்ணூர் பாலத்தாண்ட வரசொல்ல கரி ஷவலோட அப்டியே சாஞ்சிட்டான். நெருப்புக் கதவு தெறந்து கீது. நாந்தான் சட்டயப் புடிச்சி இஸ்துப் போட்டேன். வாயத் தெறந்து தண்ணிய ஊத்தனேன். கண்ணு முழிச்சி இன்னா பண்ணான் தெரியுமா? அழுவுறான்! உசுரு பொழச்சதுக்கு அழுத ஆள நான் அன்னிக்குத்தான் பாத்தேன்."

"எப்போது நடந்தது?" என்று கேட்டேன். கேட்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க பண்டிகைக்கு மொத நா ராத்திரி. ஈஸ்டரோ இன்னாமோ சொல்வீங்களே."

அன்று சாயங்காலம் சிங்கராயனைக் கடைக்குள் கூப்பிட்டு அரிசி மூட்டை மேல் உட்காரவைத்தேன். பொன்னுரங்கம் சொன்னதைச் சொன்னேன். அவர் மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். தூங்கிவிட்டாரோ என்றுகூட நினைத்தேன்.

"வூட்டுக்கு வந்தா, புதுப் புடவ கட்டிக்கினு வாசல்ல நிக்கறா அண்ணாச்சி. புள்ளைக்குப் புதுச் சட்ட. ரெண்டு பேரும் என்னயே பாக்கறாங்க. குடிச்சிட்டேன்னு சொல்ல வாய் வர்ல. போய் முட்டி போட்டுட்டேன். சாமியாரு நாக்கு மேல வெச்சாரு. நெருப்பு வெச்ச மாரி இருந்திச்சி. ஆறு மாசத்துல புள்ள போய்ட்டான்."

"சாமியாரிடம் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தீர்களா?"

"செஞ்சேன். சாமியாரு நல்லவரு. மன்னிப்பு குடுத்தாரு, ஒரு மாசம் அம்பத்து மூனு மணி ஜெபமால சொல்லச் சொன்னாரு. சொன்னேன். ஆனா புள்ள வர்லியே."

"மதலேனிடம் சொல்லிவிடுங்கள். தண்ணீர்தான் காரணம் என்று தெரிந்தால்..."

"வாணாம்." அவர் குரல் உயர்ந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். "இப்ப அவளுக்கு நான் கெட்டவன். அத்த சொன்னா கொலகாரன். கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன். எனக்கு ஏற்கெனவே அசதியா கீது அண்ணாச்சி."

கூடூர்க் கதையைக் கட்டியது நான்தான் என்று அப்போது சொன்னேன். அவர் என்னைப் பார்த்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று காத்திருந்தேன். "வுடுங்க" என்று எழுந்து போய்விட்டார். எனக்கு அப்பாடா என்றிருந்தது. அந்த அப்பாடாவுக்காக இன்றுவரை வெட்கப்படுகிறேன்.

கடவுளிடமும் எனக்கு அப்போது கோபம்தான். அந்த ஐப்பசியில் எங்கள் தெருவில் மட்டும் மூன்று குழந்தைகள் போயின. மற்ற இரண்டு தகப்பன்மாரும் எந்தப் பாலத்தில் என்ன குடித்தார்கள்? இதைச் சாமியாரிடம் கேட்கத் துணிச்சல் இல்லை. சிங்கராயனிடம் சொல்லிப் பார்த்தேன். அவர் தலையாட்டினார், நம்பவில்லை.

ஐம்பத்து மூன்றாம் வருஷம் தபசு காலத்துக்கு முந்தின ஞாயிறு. எட்டு மணிப் பூசையில் பிரசங்கம் முடிந்து சாமியார் அறிவிப்புகள் வாசித்தார். தபசு தொடங்கும் விபூதிப் புதன் என்றைக்கு, இரண்டு கலியாண ஓலை, யாரோ விட்டுப்போன குடை. பிறகு மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பாப்பரசரின் புதுக் கட்டளை ஒன்றை வாசித்தார். நன்மை வாங்குகிறவர்கள் இனிமேல் வெறும் தண்ணீர் குடிக்கலாம், தண்ணீர் உபவாசத்தை முறிக்காது. அவ்வளவுதான். அடுத்தது பாட்டுக் குழுவினர் சாயங்காலம் ஐந்து மணிக்கு வரவேண்டும். எனக்குப் பக்கத்தில் இருந்தவர் கொட்டாவி விட்டார்.

நான் திரும்பித் தூணைப் பார்த்தேன். சிங்கராயன் விழித்துக்கொண்டிருந்தார்.

பூசை முடிந்து வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டார். "இன்னா சொன்னாரு? தண்ணி குடிக்கலாமா?"

"குடிக்கலாம்."

"எப்பத்திலேர்ந்து?"

"இப்போதிலிருந்து."

"அப்ப அன்னிக்கு குடிச்சது?"

எனக்கு என்ன தெரியும்? நான் பருப்பு விற்கிறவன். அன்று சட்டம் அது, இன்று சட்டம் இது என்று ஏதோ உளறினேன். ஒரு காகிதத்தில் மாற்றிவிடக்கூடியதற்காகவா இந்த மனிதர் ஒன்பது வருஷம் இப்படி வாடினார் என்று எனக்குள் கேட்டுக்கொண்டேன்.

அப்போதுதான் மதலேன் பெண்கள் பக்கத்து வாசலிலிருந்து நேராக எங்களிடம் வந்தாள். அவளும் அறிவிப்பைக் கேட்டிருந்தாள், இவர் என் கையைப் பிடித்துக்கொண்டு விசாரித்ததையும் பார்த்திருந்தாள். பல வருஷத்துக்குப் பிறகு தெருவில் வைத்துப் புருஷனோடு பேசினாள்.

"அப்ப நெசமாவே தண்ணிதானாய்யா? கூடூர்ல யாரும் இல்லியா?"

"இல்ல" என்றார் சிங்கராயன்.

அவள் கண் கலங்கிவிட்டது. இத்தோடு விட்டிருக்கலாம். நான் அவர் கையை அழுத்தினேன், போதும், வாயை மூடிக்கொள்ளுங்கள் என்கிற மாதிரி. எட்டு வருஷத்துக் கெட்ட பேர் அந்த ஒரு வார்த்தையில் கழுவிப்போயிருந்தது. அவர் என் கையை விலக்கினார்.

"இன்னொன்னு கீது. அந்த ஈஸ்டருக்கும் நான் தண்ணி குடிச்சிட்டுத்தான் வந்தேன். எண்ணூர் பாலத்துல மயங்கிட்டேன், டிரைவரு வாய்ல ஊத்துனாரு. ஒங்கிட்ட சொல்லாம வாங்கிட்டேன். அப்பாலதான் புள்ள போனான்."

மதலேன் அவர் முகத்தையே பார்த்தாள். முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு நடந்தாள். வீட்டுப் பக்கம் அல்ல, காசிமேட்டுக் கல்லறைப் பக்கம். சிங்கராயன் வெயிலில் அங்கேயே நின்றார். நான்தான் அவரைக் கூட்டிக்கொண்டு வந்தேன்.

அந்த வாரம் எதிர்வீட்டு அடுப்பு இரண்டு நாள் புகையவில்லை. புதன்கிழமை, நெற்றியில் விபூதியோடு மதலேன் உப்பு வாங்க வந்தாள். இனியும் தாங்காது என்று நான் சொல்லிவிட்டேன்.

"மதலேன், கூடூர்ப் பேச்சைக் கிளப்பினது நான்தான். வேடிக்கைக்குச் சொன்னேன்."

"தெரியும்" என்றாள். "பவுனம்மா அன்னிக்கே சொல்லிடுச்சி. தெரிஞ்சிக்கினேதான் ஒங்க கடைல உப்பு வாங்கிக்கினு கீறேன்."

உப்பை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். அவள் என்னை மன்னித்தாளா, அடித்தாளா என்று எனக்கு இன்றும் தெரியவில்லை.

அந்த வெள்ளிக்கிழமை சிங்கராயன் வழக்கம்போல வண்டி ஏறினார். ஞாயிறு காலை முதல் பூசை முடிந்து நான் கடைக் கதவில் ஒரு பலகையை மட்டும் எடுத்துவிட்டு உள்ளே உட்கார்ந்திருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வியாபாரம் பாவம், ஆனால் ஒரு பலகை பாவமாகாது என்பது என் சொந்தச் சட்டம். ஏழு மணிக்கு அவர் தெருவில் வந்தார். கரி முகம், கையில் கூடை. உதடு வெடித்திருந்தது. வாசற்படியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றினார்.

மதலேன் உள்ளேயிருந்து பித்தளை டம்ளரில் தண்ணீர் கொண்டுவந்து நீட்டினாள்.

"குடிய்யா."

அவர் வாங்கவில்லை. "ஒன்னுமே குடிக்காமத்தான் வந்தேன்" என்றார். சட்டம் மாறிய பிறகும் அந்த மனிதர் இரவெல்லாம் குடிக்காமல் நெருப்பு முன்னால் நின்றிருக்கிறார்.

"யாரு ஒன்ன குடிக்காம வரச் சொன்னது?" மதலேனின் பழைய குரல், தெரு முனை வரைக்கும் கேட்கிற குரல், அன்று திரும்பி வந்தது. "பொண்டாட்டி புடுங்கல் தாங்காம, மயக்கத்துல எவனோ ஊத்துன தண்ணிக்காக, நாலு வயசுப் புள்ளய தூக்கிக்கினு போற சாமியாய்யா நம்ப சாமி? அப்டி ஒரு சாமி இருந்தா, அதுங்கிட்ட நான் ஏன்யா முட்டி போடப் போறேன்? அவன் தண்ணி கேட்டான். நானுந்தான் குடுத்தேன். எறங்கல. நீ இன்னா பண்ணுவ, நான் இன்னா பண்ணுவேன்? குடி. குடிச்சிட்டு குளிச்சிட்டு வா. எட்டு மணி பூசைக்கு ரெண்டு பேரும் போலாம்."

அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கினார். பாதி சட்டையில் சிந்தியது. கரியில் தண்ணீர் பட்டுக் கோடு கோடாக வழிந்தது. மீதியைக் குடித்தார். மெதுவாக, ஒவ்வொரு வாயாக, யாராவது வந்து தடுத்துவிடுவார்களோ என்று பார்த்துக்கொண்டே குடித்தார். முடித்ததும் டம்ளரை அவளிடம் நீட்டினார்.

"இன்னும் கொஞ்சம்" என்றார்.

மதலேன் கொண்டுவர உள்ளே போனாள்.